ஏலக்காய்க் கறை

பல்வலியோடு வருகிறவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, ஐயா. அவர்களுக்குப் பொய் சொல்லத் தெம்பிருக்காது. அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது.

என் பெயர் அன்னக்கொடி. போடியில் ஏலக்காய் ஏல மையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். யார் மருமகள் எந்த பஸ்சில் தாய்வீடு போனாள், யார் வீட்டில் புதிதாக மருந்துச்சீட்டு வந்திருக்கிறது என்பதெல்லாம் என்னைக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். டாக்டர் பவதாரணி என்னை வேலைக்கு வைத்ததே இந்த வாய்க்காகத்தான். ராசிங்காபுரத்துப் பெண். மதுரையில் படித்துவிட்டு வந்து பல் ஆஸ்பத்திரி திறந்தபோது, பயந்து வருகிறவர்களுக்குப் பேச்சுத்துணை தேவைப்பட்டது.

மலையிலிருந்து வருகிற எஸ்டேட் பெண்களில் சிலர் வாய்க்குள் போடுகிற ஊசியைக் கண்டதும் நாற்காலியை விட்டு இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு மட்டும் டாக்டர் நரம்பில் கொஞ்சம் மயக்க மருந்து கொடுப்பார். முழுத்தூக்கம் வராது, கூப்பிட்டால் பதில் வரும். அந்த நேரத்தில் விரலில் ஒரு கிளிப்பு மாட்டவேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் நம்பர் ஓடும். குறைந்தால் மெஷின் கத்தும். அதைக் கவனிப்பது என் சோலி. "பல்ல நான் பாத்துக்கிறேன்க்கா. நீங்க நம்பரையும் நெஞ்சையும் மட்டும் பாருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் பார்த்தது வாயை. அரைமயக்கத்தில் மனிதர்கள் பேசுவார்கள், ஐயா. நான் எதையும் பிடுங்கவில்லை. "அப்புறம்?" என்பேன், அவ்வளவுதான். தம்பி தோட்டத்து எல்லைக்கல்லை நகர்த்தி நட்டதை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுந்த பிறகு அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கும்.

இடைஞ்சல் அந்த மெஷின்தான். ஏலக்காய் எடுக்கிற பெண்களின் விரல்நுனி கறையேறிக் கறுத்திருக்கும். போடிமெட்டுக் குளிரில் ஜீப்பில் இறங்கி வந்தால் சில்லிட்டும் போயிருக்கும். கிளிப்பு அந்த விரல்களில் சரியாகப் படிக்காமல் சும்மா கத்தும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவேண்டும், தேய்த்துச் சூடாக்கவேண்டும், விரலை மாற்றிப் பார்க்கவேண்டும், அப்படியும் கத்தினால் டாக்டரைக் கூப்பிடவேண்டும். எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருநாள் சோம்பல்பட்டு, கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன். மெஷின் வாயை மூடிக்கொண்டது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. பிறகு கறை விரல் வந்தாலே அப்படித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் அது தப்பாகப் படவில்லை.

அமுதவள்ளி ஒரு சாரல் காலையில் வந்தாள். மெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. எங்கள் தெருக் கோட்டைச்சாமியின் மகனுக்குத் தன் மகள் தமிழினியை நிச்சயம் பண்ணி, பத்திரிகையும் அடித்த பிறகு கல்யாணத்தை நிறுத்தியவள். ஏன் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். என்னிடம் இருந்ததெல்லாம் நானே கட்டியவை. அவள் கடைவாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்ததும் என் காரியம் பாதி முடிந்ததாக நினைத்தேன்.

டாக்டர் மருந்தைக் கொடுத்துவிட்டு, அது பிடிக்கட்டும் என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவருக்குத் தையல் பிரிக்கப் போனார். மெஷின் கத்தியது.

"என்னக்கா?"

"கறை விரல் டாக்டர்" என்றேன். கிளிப்பு என் விரலுக்கு வந்தது. அவள்மேல் கிடந்த பச்சைத் துணிக்கடியில் கையை வைத்துக்கொண்டேன்.

"எம் மக நல்லாருக்கணும் சேச்சி" என்றாள் அமுதவள்ளி. மலையில் இருந்தால் அக்கா சேச்சியாகிவிடுகிறாள்.

"நல்லாருப்பா தாயி. கல்யாணத்த ஏன் நிப்பாட்டுன?"

"அந்தப் பையனப் பத்தி ஒங்க தெருவுல இருந்தே ஒரு ஆளு வந்து சொல்லுச்சு."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன் சேச்சி."

அந்த நிலையிலும் அவ்வளவு கெட்டி. இன்னும் கொஞ்சம் மருந்து போனால் சத்தியம் இளகும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் எட்டிப்பார்த்தபோது, "இன்னும் பயப்படுது டாக்டர், எந்திரிச்சு ஓடிரும் போல" என்றேன். அமுதவள்ளி பயப்படவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. அந்த நம்பரை நம்பி இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மிச்சத் தையலைப் பிரிக்கப் போனார்.

அது என்னுடைய நம்பர், ஐயா.

நான் குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன். யாரு தாயி என்று கேட்டேன். "அது..." என்றாள். பிறகு ஒரு குறட்டை. பிறகு நீளமாக ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லத் தயங்குகிறாள் என்று நினைத்து, "அப்புறம்?" என்றேன். மறுபடியும் கேட்டேன். பதில் வராமல் காதை இன்னும் ஒட்டிவைத்தபோதுதான், அதில் காற்றே படவில்லை என்பது உறைத்தது. மெஷின் மட்டும் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். கிளிப்பைக் கழற்றி அவள் விரலில் மாட்டினேன். மெஷின் கத்தியது. அதைக் கேட்டுத்தான் டாக்டர் ஓடிவந்தார். ஆக்சிஜன் வைத்தார், நெஞ்சை அழுத்தினார், அழுதுகொண்டே அழுத்தினார். தேனிக்குப் போகிற வழியில், ஆம்புலன்சிலேயே முடிந்துவிட்டது.

மருந்தை அள்ளிக் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று டாக்டரைப் பற்றி ஊர் பேசுகிறது. ஆஸ்பத்திரி போர்டில் சாணி அடித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உச்சுக்கொட்டிக்கொண்டு நின்றேன். நம்பர் நன்றாக இருந்தது என்று டாக்டர் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. மெஷினைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். அதில் கோளாறு இருக்காது. டாக்டர் சொல்வது நிஜம். கொன்றது நான்.

நேற்று தமிழினி என் வீடு தேடி வந்தாள். "அம்மா கடைசியா எதுவும் சொல்லுச்சா பெரியம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கறை விரல்கள்தான். நீ நல்லாருக்கணும்னு சொன்னா தாயி என்றேன். அது உண்மை. அந்தப் பிள்ளை உடைந்து அழுதது. அழுது ஓயும்வரை காத்திருந்து, "அம்மாட்ட வந்து சொன்ன ஆளு யாருத்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வைக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியாமல்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். தெருவில் தலை நிமிர முடியவில்லை, ஐயா. இனி எவர் வீட்டுப் பேச்சும் எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும். தமிழினிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டால் சொல்லிவிடுவாள்.