வண்டி வரும், நில்

எங்கள் சிரிப்பு வட்டத்தின் தலைவர் வழக்கறிஞர் ஷரஃபுதீன் அவர்களே, மறைந்த ஹவில்தார் லூர்துசாமி அவர்களின் துணைவியார் வசந்தி அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தேவானை அக்கா அவர்களே, மந்தைவெளிப் பெருமக்களே, காப்பி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தபடி இருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. நடுவயது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். கணக்குப்படி நூற்றுப் பதினாலு வரை இருக்க உத்தேசம். பார்த்தீர்களா, சிரித்துவிட்டீர்கள். நான் வாயைத் திறந்தாலே சிரிப்பது உங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தயவுசெய்து இனிமேல் சிரிக்காதீர்கள்.

யார் இந்த லூர்துசாமி? சீனிவாசபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. படையில் வயர்லெஸ் பார்த்தவர். ஓய்வு பெற்று வந்து மைக் செட் கடை வைத்தவர். இந்த வட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, மாதா திருவிழா, மீலாது விழா எதிலாவது அவருடைய மைக் கீச்சென்று கத்தியதுண்டா? நம் வட்டத்துக்கு இருபத்தெட்டு வருடம் அவர்தான் மைக் வைத்தார். வாடகை என்று பேச்செடுத்தால் காது கேட்காதவர்போல ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

பெருவெள்ளம் வந்த வருடம் அடையாற்றங்கரைக் குடிசைகளில் பொழுது விடியுமுன் ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்துகொண்டு, “எழுந்து மேட்டுக்குப் போங்க, எழுந்து மேட்டுக்குப் போங்க” என்று தெருத்தெருவாகக் கத்தியவர் அவர். உங்களுக்கு யார் சொன்னது என்று பிறகு கேட்டேன். “யாரும் சொல்லல சார். மேலேந்து சொல்றவரைக்கும் நிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

அது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதை எனக்குத் தெரியும். வெகுகாலமாகத் தெரியும்.

1989 ஆகஸ்ட். இலங்கைக்கு நம் படை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் போர் இந்த ஊரில் யாருக்குப் பிடித்தது? டீக்கடையில் பிடிக்கவில்லை, சலூனில் பிடிக்கவில்லை, கபாலி கோயில் குளக்கரையில் நடை போகும் பெரியவர்களுக்கும் பிடிக்கவில்லை. ரேடியோ சிறிய சேதம் என்றால் பத்தால் பெருக்கினோம். மந்திரி வெற்றி என்றால் எதிலே என்று கேட்டோம். எங்கள் வட்டத்திலோ மாதாமாதம் தளபதிகளை வறுத்து எடுத்தோம். அவர்கள் சொல்லும் ஒரு சொல்லையும் நம்பாதவர்கள் என்பதில் எங்களுக்கு அப்படியொரு பெருமை.

வட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். மேடை ஏறினால் மூன்று நிமிடம். அதிகம் சிரிக்க வைத்தவருக்கு எவர்சில்வர் தூக்கு. இருபத்தோரு வயது இணைச் செயலாளனாகிய நான் மணியடிப்பேன். நடவடிக்கை நோட்டில் எழுதுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, விடுப்பில் வந்த ஒரு ஒல்லியான மனிதர் பெயர் கொடுத்தார். எதற்காகப் பேச வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மேடையில் ஏறுகிறவர் வேறு எதற்கு ஏறப்போகிறார்?

“என் சேக்காளி செம்பியன், நொச்சிக்குப்பம். அஞ்சு பேரைக் கூட வெச்சுக்கினு ஒரு பாலத்தாண்ட நிக்கிறான். ‘சுத்திக்கினாங்க, திரும்பி வரட்டா’ன்னு வயர்லெஸ்ல கேக்குறான். அதிகாரி இன்னா சொன்னாரு தெரியுமா? ‘வண்டி வரும், நில்’லுன்னாரு” என்றார்.

கூட்டம் சிரித்தது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்று கால் கடுத்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

“எப்ப வரும்னு கேக்குறான். ‘வரும், நில்.’ வண்டியே பொறப்படல சார். ஷெட்டுலயே கீது. என் கண்ணால பாக்குறேன்.”

யாரோ விசிலடித்தார். லூர்துசாமியின் குரல் உடைந்தது. “ஆக்டிங் பிரமாதம்” என்றார் என் பக்கத்தில் இருந்தவர்.

“இப்ப அவன் ஓடிப்போயிட்டான்னு எழுதிட்டாங்க சார். அவன் ஓடல. நின்னான்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. மூன்று நிமிடம் முடிந்ததால் நான் மணியடித்தேன். பிறகு முதல் பரிசை என் கையாலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மந்திரியையே கிண்டல் பண்றீங்களே, நீங்கதான் கேப்பீங்கன்னு வந்தேன் சார்” என்றார். வேலை போகும் என்று தெரிந்தே வந்து சொன்ன மனிதர் அவர். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “அடுத்த மாசமும் வாங்க” என்றேன்.

செம்பியன் திரும்பி வரவே இல்லை. ஆணையை மீறித் தப்பியோடியவர் என்று அவருடைய மனைவிக்குக் கடிதம் வந்தது. அந்த மனைவிதான் இதோ இருக்கும் தேவானை அக்கா. அவர் கூடையில் மீன் கொண்டுவந்த தெருக்களில், “புருஷன் ஓடிப்போனவ வர்றா” என்று பேசியவர்கள் யார்? நாம்தான். வம்பில் எனக்கு ஈடு யார்? நானும் பேசினேன். மேலே இருப்பவர்கள் சொன்ன எதையும் நம்பாத நாம், அவர்கள் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் எவ்வளவு சுலபமாக நம்பினோம்.

செம்பியன் பெயரிலிருந்து அந்தக் களங்கத்தைத் துடைக்க லூர்துசாமி முப்பது வருடத்துக்கு மேல் ராணுவத் தலைமையகத்துக்கு மனு எழுதினார். 2012இல் ஒரு பதில் வந்தது: சம்பவம் நடந்த காலத்தில் நீர் இதை யாரிடமும் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, ஓய்வுக்குப் பிறகு சொல்வதை ஏற்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு தி.நகரில் என் வீட்டுக்கு வந்தார்.

“சார், அன்னிக்கே உங்க கூட்டத்துல சொன்னேனே. நீங்க நோட்டுல எழுதினீங்களே. அந்தப் பக்கம் கெடைக்குமா?”

“பழைய நோட்டெல்லாம் கரையான் தின்னுடுச்சு லூர்து.”

“கரையானை இன்னா பண்றது சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறு ஞாயிறு வழக்கம்போல வந்து மைக் வைத்தார்.

கரையான் தின்னவில்லை. நோட்டு என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தது. அப்போது நான் டி.வி. சிரிப்பு நிகழ்ச்சிகளில் வந்துகொண்டிருந்தேன். மெரினாவில் நடந்தால் நாலு பேர் கை குலுக்குவார்கள். நோட்டின் இந்தப் பக்கம் பத்திரிகைக்குப் போனால் என் கதி என்ன? என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறேன்: “லூர்துசாமி, ராணுவம். பாலத்தில் நிற்கும் செம்பியன் ஜோக். அதிகாரி ‘வண்டி வரும், நில்’ என்கிறார், வண்டி ஷெட்டில் இருக்கிறது. முதல் பரிசு. சிரிப்பு அபாரம்.” கீழே தேதி. அதற்கும் கீழே என் கையெழுத்து.

அடக்கத்தன்று வசந்தி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நோட்டு உங்களாண்டதான் கீதுன்னு அவருக்குத் தெரியும் சார். ‘அவரே ஒருநாள் எடுத்துக் குடுப்பாரு, நாம அவசரப்படுத்தக்கூடாது’ன்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

பதின்மூன்று வருடம். அந்த அதிகாரி என்ன செய்தாரோ அதையேதான் நானும் செய்தேன், பெரியோர்களே. அவருக்காவது துப்பாக்கிச் சத்தத்தில் புத்தி கலங்கியது என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தேன்.

இனி என்ன? தலைவர் ஷரஃபுதீன் பாயிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, “நோட்டு மட்டும் போதாது. ஜோக்குனு எழுதி வெச்சிருக்கீங்க. அன்னிக்கு அது ஜோக் இல்லைன்னு, கேட்டவங்க சத்தியம் பண்ணி எழுதித் தரணும்” என்றார். பிரமாணப் பத்திரம் தயாராக இருக்கிறது. வரும் புதன்கிழமை தேவானை அக்காவோடு நானும் ராணுவ அலுவலகத்துக்குப் போகிறேன். திருப்பி அனுப்பினால் மறுபடி போவேன். லூர்துசாமி விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன். எழுதுவதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

அன்றைய வருகைப் பட்டியலும் அதே நோட்டில் இருக்கிறது. நாற்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது எல்லோரையும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. நான் சொல்லப்போவதில்லை. நாம் மௌனமாக இருந்து அவருக்கு ஆகப்போவது என்ன? மேசை மேல் காகிதம் இருக்கிறது, பேனா இருக்கிறது. அன்று கேட்டதையும், கேட்டுவிட்டுச் செய்ததையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன்.