இடக்கைப் பிள்ளைக்கு ஏடு தொடக்கல்

“மோனாலிசாவைக் கீறின மனுசனும் இடக்கைதானாம்.”

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் தன் புருசனிடம் சொன்னாள். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. அவர்கள்தான் மெதுவாகப் பேசவில்லை. நாளைக்கு அவர்களுடைய மகளுக்குக் கோயிலில் முதலெழுத்து எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் சடங்காம். பிள்ளையோ எதற்கும் இடக்கையைத்தான் நீட்டுமாம்.

“அந்தாளை ஒருத்தரும் அடிச்சுத் திருத்தேல்லையோ?”

“தாய்க்கும் தகப்பனுக்கும் கலியாணம் நடக்கேல்லையாம். அதாலை பெரிய படிப்புக்கு விடேல்லை. பிறகு ஒரு ஓவியரிட்டை வேலை பழக விட்டவை. அவர் கையைப் பாக்கேல்லை, கீறினதைத்தான் பாத்தவர்.”

“அது வெள்ளைக்காரன்ரை கதை. அரிசியிலை இடக்கையாலை ‘அ’ எழுதினா சனம் என்ன சொல்லும்?”

“உங்களுக்குச் சனமோ, பிள்ளையோ? வலக்கையைப் பிடிச்சு இழுத்தா அழுவாள். பிறகு பேனையே தொடமாட்டாள்.”

அவன் ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கோயில் ஐயருக்குப் போன் எடுத்தான்.

“ஐயா, பிள்ளைக்கு இடக்கைதான் வருது. அந்தக் கையைப் பிடிச்சு எழுதுவிக்கலாமோ? … ஓமோ!”

“என்னவாம்?”

“சிரிக்கிறார். தான் எழுதுறதும் இடக்கையாலைதானாம். இவ்வளவு காலமும் ஒருத்தரும் கவனிக்கேல்லையாம்.”

அவள் பெருமூச்சு விட்டு, கத்தரிக்காயைப் பைக்குள் போடத் தொடங்கினாள். எந்தக் கையால் என்று நான் பார்க்கவில்லை.