அடித்தளத்துக்குப் பூஜ்யம்

“ஹலோ... ஆமா மேடம், நானேதான்... ஆமா ஆமா, கொட்டேஷன் நான்தான் அனுப்பினேன்... அதிகமா? எது அதிகம்?”

டயர் கடை மாடியில் ஒற்றை அறை. நூலகங்களுக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனி அது. கம்பெனி என்றால் இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஆள். எதிர்முனையில் பெரிய நூலகத்தின் தலைமை நூலகர். அந்த அம்மா சம்மதித்தால் அறை தப்பும்; இல்லையென்றால் மேசைகளைக் கீழே இறக்க வேண்டியதுதான்.

“ஓப்பன் சோர்ஸ்தான் மேடம், யார் இல்லைன்னா? நெட்ல சும்மா கிடைக்குது, யார் வேணா எடுத்துக்கலாம்... எடுத்து? அது வெறும் அடித்தளம். அது மேல சுவர் எழுப்பி, ஜன்னல் வச்சு, எந்தக் கதவு எங்கன்னு உங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நாங்க... இல்ல மேடம், அடித்தளத்துக்குன்னு தனியா எதுவும்... எது? ‘அடித்தள உரிமக் கட்டணம்’னா போட்டிருக்கு?... அது வந்து... அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு.”

மொத்த விலையில் பாதி அந்தச் சம்பிரதாயம்.

“யார் சொன்னது அது பூஜ்யம்னு?... எங்க ஆளா? இங்க நான் ஒருத்தன்தானே... பார்ட்னரா?... எப்போ?... நேத்தா? போன்லயா?”

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் சட்டென்று நின்றது.

“மேடம், யாரோ உங்ககிட்ட விளையாடறாங்க... என்னன்னு ஆரம்பிச்சான்?... ‘மன்னிக்கணும்’னு சொல்லிட்டு... ம்... ரொம்ப நேரம் சும்மா இருந்தானா?... ம்... திருப்பிக் குடுத்த புத்தகத்தைக் குடுக்கலைன்னு காட்டுமே, அந்தக் கோளாறையா? சரி பண்ணிட்டானா? உங்க ஸ்க்ரீன்ல, உங்க கண்ணு முன்னாடியேவா?”

அந்தக் கோளாறைத் தொடத் தெரிந்தவன் ஒருவன்தான்: கூட்டாளி ஆமை. பேச்சிலும் வேலையிலும் அவ்வளவு நிதானம், அதனால் அந்தப் பெயர். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தோள் கொடுத்தவர்களில் இவனும் ஒருவன். இருவரும் ஒத்துக்கொள்ளாமல் எந்த விலையையும் வெளியே சொல்வதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆமை போனபின் ஒத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது.

“பதட்டமெல்லாம் இல்ல மேடம், எச்சில் முழுங்கினேன்... என் விலைக்கு அவன் இன்னும் சரின்னு சொல்லலையாமா? எப்படிச் சொல்லுவான்?... சண்டையெல்லாம் இல்ல. விட்டுட்டுப் போனான், உண்மைதான். ஆனா வேற கம்பெனிக்கு இல்ல... என்னது, இப்ப இன்னொரு லைன்ல இருக்கானா? வேணாம் மேடம், சேக்காதீங்க! அப்புறமா நானே அவனைப் போய்ப் பாக்கறேன்... ஐயோ, இல்ல இல்ல, பாக்கல!... மேடம்?”

அவன் எதிரிலிருந்த ஆமையின் காலி நாற்காலிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

“...ஆமை?... டேய்... ம்... நல்லா இருக்கேன். நீ?... கேட்டது தப்புதான், விடு... ஆமா, போட்டேன். வாடகைக்குடா. வேற எப்படி?... நம்ம உழைப்புக்குப் போடுன்றியா? பராமரிப்புக்கும்?... அதைக் கூட்டிக் கேட்டா குடுப்பாங்களா?... கேட்டுட்டியா? சரின்னுட்டாங்களா?”

இத்தனை சுலபமாக நேர்மையாக இருந்திருக்கலாம் என்பது அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

“சரிடா. அடித்தளத்துக்குப் பூஜ்யம். இதோ, அழிச்சிட்டேன்... பாத்துட்டியா? எங்கேருந்து பாக்குற?... வேணாம், சொல்லாத... பக்கத்துல யாரு, குரல் கேக்குது?... அடித்தளத்தை எழுதினவரா! அவரு எப்போ...? யாரும் சொல்லவே இல்லையேடா. கேள்வி அனுப்பினா பதில் வரல. ஏதோ வேலையா இருக்காருன்னு நினைச்சேன்...”

“என்கிட்டயா? பேசணும்னா?... வணக்கம் சார்... ஆமா சார், உங்களுதுதான்... இல்ல சார், உங்க பேரை எங்கயும் போடல... மத்த நூலகங்கள்லயும் வாங்கினேன் சார், அந்தக் கட்டணத்தை... திருப்பிக் குடுத்துடறேன் சார், சத்தியமா... அதைக் கேக்கலையா? பின்ன?...”

அவன் கணினித் திரையைப் பார்த்தான்.

“...நல்லா ஓடுதான்னா சார்?... ஓடுது சார். இப்பக்கூட ஓடிட்டுதான் இருக்கு. ஒரு நாள்கூட நின்னதில்ல... சார்? கேக்குதா சார்?... ஹலோ?”

இணைப்பு அறுந்திருந்தது.