அரை நொடிக்கான குறிப்பு

எனக்கு ஞாபகம் அவ்வளவு துல்லியமில்லை. அது 2006 ஐப்பசியா, கார்த்திகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் முழங்கால் தண்ணீர் நின்றது, அதுவரை நிச்சயம்.

கம்ப்யூட்டர் வேலையிலும் நான் சுத்தம் பார்க்கிறவன். தகடு அமுக்கும் பிரஸ்ஸை ஓட்ட எங்கள் கம்பெனிக்கு ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டிருந்தார். அதிலிருந்து தன் பெயரை நீக்கக் கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை. வரிக்கு வரி விளக்கக் குறிப்பு வேறு. இயந்திரம் குறிப்புகளைப் படிப்பதில்லை. பெயரோடு சேர்த்து எல்லாவற்றையும் நீக்கினேன். முதலாளி ஆதிகேசவன் திரையைப் பார்த்து, "நீயே எழுதினதாப்பா? பளிச்னு கீது" என்றார். அடக்கமாகச் சிரித்தேன்.

அடுத்த வருடம் ஆரம்பாக்கத்திலிருந்து ஜெனிபர் வேலைக்குச் சேர்ந்தாள். புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. உற்பத்தி போதவில்லை என்று முதலாளி அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்.

"சார், தகடு வெச்சப்புறம் மிசினு அரை செகண்டு சும்மா நிக்குது. இன்னாத்துக்கு சார்?"

பிரஸ்ஸில் நின்ற லோகு சிரித்தான். "இன்னா மேடம், அது மூச்சு வுடறதுகூட உங்களுக்குப் புடிக்கலையா?"

நீக்கிய குறிப்பு எனக்குத் தெரியும்: 'கை வெளியே வருவதற்கான நேரம். குறைக்காதீர்கள்.' சொன்னால், எங்கே படித்தீர்கள் என்பாள்.

"ஞாபகமில்லம்மா."

"நீங்க எழுதினதுதானே சார்?"

"ஆமா. எழுதி நாளாச்சு."

"அப்ப தூக்கிடட்டா?"

நான் யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன் என்றே நினைக்கிறேன். அவள்தான் பொறுமையில்லாமல் போய்விட்டாள்.

அந்த அரை நொடி போனதும் பதினோரு நாள் உற்பத்தி ஏறியது. பன்னிரண்டாம் நாள் லோகுவின் வலது கையில் நான்கு விரல்கள் தகட்டோடு போயின.

விசாரணைக்கு வந்தவர்கள், புரோகிராமில் எச்சரிக்கை ஏதும் இருந்ததா என்று கேட்டார்கள். திறந்து காட்டினேன். ஒரு வார்த்தை இல்லை. கடைசியாகக் கைவைத்தவள் ஜெனிபர் என்று மட்டும் இருந்தது. அவளுக்காக வருந்தினேன்.

லோகு இப்போது கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளின் எண்ணை இடது கையால் எழுதுகிறான். ஜெனிபரின் வேலை போயிற்று. பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஆதிகேசவன் இரண்டாவது பிரஸ் வாங்கினார். நான் மேலாளர்.

அந்த அரை நொடியைத் திரும்பச் சேர்த்ததும் நான்தான். பக்கத்தில் குறிப்பையும் எழுதினேன், எதையும் பார்க்காமலே, ஓர் எழுத்துகூடப் பிசகாமல். கீழே என் பெயரைப் போட்டேன். யாருக்காவது சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?