நகச்சுத்தி

இந்த அறைக்கு மேற்குப் பக்கமாக ஜன்னல் வைத்திருக்கிறீர்கள், தம்பி. சாயங்கால வெயில் நேரே மேசைமேல் விழுகிறது. ஒரு திரை போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் காகிதம் கொஞ்ச வருடத்தில் பழுத்து, தொட்டால் உதிரும். நான் சொல்வது இங்கே இருக்க வேண்டும் என்றுதானே எழுதுகிறீர்கள்?

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். வழியனுப்பிவைத்த மறுவாரமே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட யாருக்கும் வாய் வரவில்லை. பேராசிரியர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் வாழ்க்கையைச் சேர்த்துவைப்பது எங்கள் பிரிவின் வேலை. உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்வோம். கடிதம், படம், பதக்கம் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் அடுக்குவோம். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வைப்போம். அது என் கைவேலை. வருகிறவர்கள் அதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே கையை விட்டவர்களை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பேன், மறைக்கவில்லை. ஒரு கணிதப் பேராசிரியர் ஏதோ யோசனையில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போக மறந்தார். அதை, தன் கல்யாணத்துக்கே போக மறந்தவர் என்று எழுதினேன். இப்போது அவருடைய மனைவியே அப்படித்தான் நம்புகிறார். மணமேடையில் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். யாருக்கு என்ன நஷ்டம்?

என் சிரமமெல்லாம் உயிரோடு இருப்பவர்களால்தான். பெட்டிக்குள் போனவர்கள் சுத்தமானவர்கள். இவர்களோ எச்சிலைத் தொட்டுப் பக்கம் புரட்டுவார்கள். பேசும்போது ஒலிவாங்கியில் தெறிக்கும். ஒரு தாவரவியலாளர் எழுபது வருடத்துக் கடிதத்தின் மேல் தும்மிவிட்டு, அதைச் சட்டைக் கையால் துடைத்தார். இன்னொருவர் பேச வசதியாக இல்லை என்று பல்செட்டைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. அறிவு எப்பேர்ப்பட்ட அழுக்குப் பாத்திரங்களில் குடியிருக்கிறது என்பது எங்கள் வேலையில் இருந்தால்தான் தெரியும்.

இனி அந்த அறுவை சிகிச்சை நிபுணருக்கு வருகிறேன். பிரசவப் பகுதியில் பெரிய பெயர். ‘தங்கக் கை’ என்ற பட்டப்பெயரை வைத்ததே நான்தான். வெள்ளத்தில் மின்சாரம் போன ராத்திரி, லாந்தர் வெளிச்சத்தில் ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியதாக எழுதியிருந்தேன். என் குறிப்புகளிலேயே உச்சம் அது. அதைப் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் அவர் வலக்கையைச் சுண்ணாம்பு வார்ப்பாக எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் நூலக வாசலில் திறந்தபடி நிறுத்தியது. சுட்டுவிரல் நீட்டியிருக்கும். மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு முன்னால் அந்த விரலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தொட்டுத் தொட்டு அது பாதியாகத் தேய்ந்துவிட்டது. சரி, பாதி இல்லை. நுனி தேய்ந்திருக்கிறது.

அவர் மறுபடி ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று தானாகவே வந்தார்.

“என்னய்யா, நீ எழுதினத இப்பதான் படிச்சேன்,” என்றார். “யாருய்யா அந்த ஆளு? எனக்கே அவனப் போய் ஒருதடவ பாக்கணும்போல இருக்கு. வெள்ளம் வந்துச்சு, சரி. லாந்தர் எங்கேருந்து வந்துச்சு? கரண்ட்டு போகவே இல்லையே.”

லாந்தர் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள் என்று கேட்டேன். சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. தொண்டையிலிருந்து எதையோ கைக்குட்டையில் வாங்கி, விரித்துப் பார்த்து, மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பார்த்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வாசிப்பறைக்குள் கோட்டு, பை, தண்ணீர், தின்பண்டம் எதுவும் போகக் கூடாது. முன்னறையில் உள்ள அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொள்வேன். துணைவேந்தருக்கும் அதே விதிதான். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தலைமைக் காப்பாளர் அம்மா கூட்டத்துக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். கருவியை ஓடவிட்டேன்.

அவர் சொன்னதை நீங்களும் கேட்டுவிட்டீர்கள், சுருக்கிச் சொல்கிறேன். அந்த வெள்ளக் காலத்தில் அவர் சுட்டுவிரலில் நகச்சுத்தி. நகக்கண்ணில் சீழ் கோத்து விரல் பழுத்திருந்தது. அவர் அறுவை செய்வதைப் பார்க்க அன்று வெளியூரிலிருந்து பெரிய மருத்துவர்கள் வந்திருந்தார்கள். விரலில் சீழ் என்று சொல்லி நிறுத்த மானம் இடம் கொடுக்கவில்லை. கையுறை அழுத்தினால் உயிர் போகிற வலி. அந்த ஒரு விரலின் உறையை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டு வேலையைச் செய்தார். பெரிய டாக்டரை யார் கேட்பது? நான் பிழைத்ததாக எழுதிய அந்தத் தாய் காய்ச்சலில் போனாள். அந்த வாரத்தில் இன்னும் இருவர். புண் அழுகி வார்டே நாறியதாம். அந்த நாற்றத்தை வேறு அவர் விவரித்தார், நிதானமாக, ஒவ்வொரு நாளும் அது எப்படி மாறியது என்று.

“கருவிகளை ஆயா ஒழுங்கா கொதிக்க வைக்கலன்னு நான்தான் சொன்னேன்,” என்றார். “அவள வேலைய விட்டு விரட்டிட்டாங்க. மூணு உசுரத் தின்னவள்னு ஊரே பேசுச்சு. அவ பொண்ணு இங்கதான் இருக்கா. அவ இந்த நாற்காலியில உக்காந்து இதக் கேக்கணும்.”

எனக்குக் குமட்டியது. அந்தத் தாய்மார்களுக்காகவா என்று கேட்காதீர்கள், அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை. என் இரண்டு பக்கத்திலும் அந்தச் சீழ் வழிந்ததுபோல் இருந்தது. வாசலில் நிற்கும் வார்ப்பில் நீட்டிக்கொண்டிருப்பது அதே விரல்.

இதை விட்டுவிடுவோமே டாக்டர் என்று தன்மையாகத்தான் கேட்டேன். “நீ விடு. நான் விட மாட்டேன்,” என்றார். “அடுத்த வாரம் அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வர்றேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் வெளுத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு, அவர் கொண்டுவந்திருந்த பட்டமளிப்புப் படத்தின் மேல் சொட்டியது. கோட்டில் மாத்திரை இருக்கிறது, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்றார். எழுந்திருக்கப் பார்த்தார்.

“நீங்க எந்திரிக்காதீங்க டாக்டர். நான் எடுத்துட்டு வர்றேன்,” என்றேன். எவ்வளவு கனிவாகச் சொன்னேன் என்பது ஒலிப்பதிவில் இருக்கும்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அலமாரியைத் திறந்தேன். கோட்டுப் பைக்குள் கையும் விட்டேன், தம்பி. குப்பி அடியில் தட்டுப்பட்டது. அதன்மேல் அந்தக் கைக்குட்டை கிடந்தது, ஈரமாக, கொழகொழவென்று. கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் கையால் இனி ஒரு காகிதத்தைத் தொட முடியுமா? போய்ச் சோப்பு போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். தட்டுவது கேட்டது. பலமாகத் தட்டவில்லை, நல்ல வளர்ப்பு. பிறகு கேட்கவில்லை.

உள்ளே போனபோது கதவோரம் கிடந்தார். முதலில் படத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், ஈரம் ஊறினால் கறை நிற்கும். பிறகு மேசையைத் துடைத்தேன். அப்புறம் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். கதவோரம் கிடந்தார் என்று ஒரு வாழ்க்கைக் குறிப்பை முடிக்க முடியுமா? வாயையும் துடைத்துவிட்டேன், என்னால் முடிந்த மட்டும் பார்க்காமல். அதற்குப் பிறகுதான் தொலைபேசியில் ஆள் கூப்பிட்டேன்.

‘என் கடமை முடிந்தது என்று புன்னகையோடு சொல்லி, இருந்த இடத்திலேயே கண்மூடினார்.’ அதுதான் நான் சேர்த்த கடைசி வரி. இரங்கல் கூட்டத்தில் துணைவேந்தர் அதை வாசிக்கும்போது குரல் உடைந்தது. முன்வரிசையில் அழாதவர்களே இல்லை. சரி, ஒருவர் அழவில்லை. அவர் மகள். அவரும் டாக்டர்தான். அப்பாவின் குரலை ஒருதடவை கேட்க வேண்டும் என்று தலைமைக் காப்பாளர் அம்மாவிடம் போய் நின்றிருக்கிறார்.

ஒலிப்பதிவை ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். மூலத்தை அழிப்பவன் காப்பாளனா, தம்பி? குறிப்பில் ஆயிரம் எழுதலாம், மூலத்தில் கை வைக்கக் கூடாது. அவர் பேசியது, தட்டியது, கடைசியாக அந்த ஆயாவின் பெயரைச் சொன்னது எல்லாம் முடிந்தபிறகுதான் கருவியை நிறுத்தினேன். எண் போட்டு, உறையிலிட்டு, அவர் பெட்டியிலேயே அடியில் வைத்தேன். உலகத்தில் எந்த மனிதனுடைய கடைசி மூச்சு இவ்வளவு தெளிவாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது?

அந்த ஆயாவின் மகளுக்கும் போட்டுக் காட்டினீர்களாமே. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது என் பிரிவு இல்லை.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன், ஆட்சேபம் இல்லை. ஒரே ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது. ‘வெளியே வந்து கதவைச் சாவி போட்டுப் பூட்டினேன்’ என்று இருக்கிறது. பூட்டினேன்தான், சாவி திரும்பும் சத்தம் ஒலிப்பதிவில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாசிக்க நன்றாக இல்லை. அதை எடுத்துவிட்டு, ‘மாத்திரை எடுக்க ஓடினேன்’ என்று போட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, பின்னால் படிக்கப் போகிறவர்களுக்காகத்தான்.