கடிகாரத்துக்கு அடியில் பதினோரு நொடி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் நேரலை இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இரண்டாம் வரிசையில் கைத்தடியை மடிமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் விமானி அவர்களே, ஒளிபரப்பு வேனுக்குள்ளும் மலைமேலும் ஒன்றாகக் காய்ந்த தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் சட்டைப்பையில் நான்கு பக்க உரை ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எழுதினேன். செவ்வாய்க்கிழமை வரை அது சரியான உரை. புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு அதில் எந்த வரியை வாசிக்கலாம், எந்த வரியை வாசிக்கக் கூடாது என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்தொரு ஆண்டு செய்தியாளனாக இருந்தவன், ஒரு மனிதரை எந்தச் சொல்லால் புகழ்வது என்று தெரியாமல் இப்போது உங்கள்முன் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நம் நிறுவனத்தின் முதன்மை ஒளிப்பதிவாளருக்காக. விமான சாகசப் பந்தய நேரலையில் ஒன்பது பருவங்கள் இரண்டாம் எண் கேமராவைப் பிடித்தவருக்காக. நம்மை விட்டுப் போய்விட்ட நம் கொக்கண்ணனுக்காக. அந்தப் பட்டம் கேலியில் பிறந்தது. வலது காலில் நின்று, இடது காலை முக்காலியின்மேல் சாய்த்து, கழுத்தை நீட்டியபடி மணிக்கணக்கில் நிற்பார். வேனில் யாரோ கொக்கு என்றார்கள். அடுத்த வாரமே தன் தொப்பியின் உட்புறத்தில் அவரே அதை எழுதிவைத்துக்கொண்டார். தொப்பி தொலைந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமாம்!

இந்தப் பந்தயத்தைப் பார்த்திராத உறவினர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். நானும் முதல் நாள் ஒன்றும் புரியாமல்தான் மலையேறினேன். கீழே ஏரி. ஏரியில் ஏழு மாடி உயரத்துக்குக் காற்றடைத்த தூண்கள், இரண்டிரண்டாக. சின்ன விமானம் ஒன்று அவற்றின் நடுவே சீறிப் போகிறது, நிமிர்கிறது, தலைகீழாகப் புரண்டு திரும்பி வருகிறது. இறக்கை தூணில் பட்டால் தண்டனை நொடிகள். எனக்கு ஒரே ஓர் ஆள்தான் கண்ணில் பட்டார். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கொக்கண்ணனிடம் கேட்டேன்.

"யாரும் யாரையும் துரத்தல தம்பி. இவர் இறங்கின பிறகுதான் அடுத்தவர் ஏறுவார். துரத்துறது கடிகாரம் மட்டும்தான்."

ஆகவே தொலைக்காட்சியில் கடிகாரம் இல்லையென்றால் இது பந்தயமே இல்லை. ஒருவர் தனியாகப் பறந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான். அதனால் திரையின் மேல் வலது மூலையில் பெரிய கட்டம் போட்டுக் கடிகாரம் ஓடும். அந்த மூலையில்தான் ஒன்பது ஆண்டுச் சண்டை நடந்தது. கொக்கண்ணனின் மலையிலிருந்து பார்த்தால் விமானங்கள் வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக வரும். அவர் விமானத்தைப் படத்தின் நடுவில் வைக்கவே மாட்டார். மேல் வலது ஓரத்தில் வைத்து, முன்னால் இடம் விடுவார். நேரே கடிகாரத்துக்கு அடியில் போய் மறைந்து நிற்கும். வேனிலிருந்து இயக்குநர் அம்மா கத்துவார்: மறுபடியும் சொருகிட்டீங்களா, வெளிய எடுங்க! இவர் அசைய மாட்டார்.

"ஓடுற ஆளுக்கு முன்னாடிதாம்மா இடம் விடணும். பின்னாடி இருக்கிறது முடிஞ்சுபோன ஆகாயம். வேணும்னா நீங்க கடிகாரத்தை நகர்த்திக்குங்க."

கடிகாரம் நகரவில்லை. அவரும் நகரவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் கடைசிப் பந்தயம். இதோ அமர்ந்திருக்கும் விமானி, மஞ்சள் விமானத்தில், கடைசித் தூண்களைத் தாண்டி நிமிர்ந்தார். விமானம் வழக்கம்போல் கடிகாரத்துக்கு அடியில் போயிற்று. வெளியே வரவில்லை. திரையில் வெறும் ஆகாயம். ஒரு மேகம்கூட இல்லாத ஆகாயம். பதினோரு நொடி. கடைசியில் படத்தின் அடியில் மரங்களின் உச்சி எட்டிப் பார்த்தது. பிறகுதான் தண்ணீர்ச் சத்தம். விமானியைப் படகில் மீட்டார்கள். உயிர் பிழைத்தார், இடுப்பும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் நான் எழுதினேன். 'தலை குனிந்த கேமரா' என்று தலைப்பு வைத்தேன். ஒரு மனிதன் விழுவதை வீட்டில் அவன் குடும்பம் பார்க்கக் கூடாது என்று கொக்கண்ணன் ஆகாயத்தைக் காட்டினார். இறுதியில் துயரத்தில் கேமரா தலை தாழ்ந்தது என்று எழுதினேன். ஊரெல்லாம் படித்தது. அவருக்கு விருது கொடுத்தார்கள். பயிற்சி வகுப்புகளில் அந்தப் பதினோரு நொடியைக் காட்டுகிறார்கள். விழும் விமானத்தைத் தொடரக் கூடாது என்ற நம் விதி அன்று பிறந்ததுதான். இங்கே பலர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அதே மாதம் விபத்து விசாரணை நடந்தது. விமானி ஒன்றே ஒன்றைச் சொன்னார்: பிடியை இழுத்தேன், வால் சொன்னபடி கேட்கல. வால் பகுதி ஏரியின் சேற்றிலிருந்து முழுதாக வரவில்லை. விமானத்துக்குள் இருந்த கேமரா அவர் முகத்தை மட்டும் காட்டியது. ஹெலிகாப்டர் எரிபொருளுக்காக இறங்கியிருந்தது. மிச்சம் இருந்தது கொக்கண்ணன். அவர் போய், விமானம் என் படத்துல இல்ல, நான் அதைப் பார்க்கல என்று சொல்லிவிட்டு வந்தார். விமானியின் தவறு என்று தீர்ப்பாயிற்று. உரிமம் போயிற்று.

நண்பர்களே, இந்த இரண்டும் ஒரே மேசையில் என்முன் கிடந்தன. பார்க்காத ஒன்றிலிருந்து ஒருவர் முகத்தைத் திருப்ப முடியுமா? இரக்கப்படுவதற்கு முதலில் பார்க்க வேண்டாமா? பார்த்தார் என்றால் விசாரணையில் சொன்னது பொய். பார்க்கவில்லை என்றால் நான் எழுதியது பொய். ஒரு செய்தியாளனுக்கு இது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? பட்டது. தாமதமாகப் பட்டது. அடுத்த பருவத்தில் மலைமேல் வைத்து அவரையே கேட்டேன். வெகுநேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதையோ புடிச்சுக்கிட்டுதான் வந்தேன் தம்பி. சத்தம் கேக்குற வரைக்கும் விமானம்னுதான் நினைச்சேன். எதைன்னுதான் தெரியல."

அதை நான் எழுதவில்லை. விருது வாங்கியவர் அப்படிப் பேசினால் யாருக்கு நன்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் மனைவி, நம் அண்ணி, போன வாரம் சொன்னார். தொலைக்காட்சியில் அந்தப் பதினோரு நொடி வரும்போதெல்லாம் இவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாராம். போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே, கொடியில் இருக்கும் துணியை அள்ளிக்கொண்டு வருவாராம். காய்ந்ததும் காயாததும் சேர்ந்து வரும். ஒரு முறை அண்ணி திட்டியபோது, பறவைக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணு, ஈரத் துணி தெரியுமா என்றாராம். நான்கு ஆண்டுகள் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் விழும்போது தான் ஏதோ பறவையைத் துரத்திக்கொண்டிருந்ததாக. மாதத்தின் முதல் ஞாயிறு விமானியின் வீட்டுக்குப் போவார். விமானி சொல்கிறார்: "வருவார். என் காலைப் பார்ப்பார். டீ குடிப்பார். கிளம்பிடுவார்." அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லையாம்.

இப்போது புதன்கிழமை. இந்தக் கூட்டத்தில் அந்தக் காட்சியைத் திரையிட வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். அஞ்சலிக்குப் போடும் படத்தில் கடிகாரமும் சேனல் முத்திரையும் வேண்டாமே என்று காப்பகத்திலிருந்து மூலப் பதிவைக் கேட்டு வாங்கினார். மேலே எதுவும் ஒட்டாத, கேமராவிலிருந்து வந்தபடியே உள்ள பதிவு. விசாரணைக்கு ஒளிபரப்பான படத்தைக் கேட்டார்கள், அதைக் கொடுத்தோம். மூலத்தை யாரும் கேட்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. மதியம் எனக்கு அழைப்பு வந்தது. "என்ன ஏதுன்னு கேக்காதீங்க, வாங்க."

போனேன். மஞ்சள் விமானம் நிமிர்கிறது. அரை நொடி வெயில் லென்ஸில் அடித்துப் படம் வெளுக்கிறது. வெளுப்பு தெளிந்தால் விமானம் இல்லை. ஆகாயம் இருக்கிறது. மேல் வலது மூலையில், கடிகாரம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு புள்ளி இருக்கிறது.

பதினோரு நொடியும் அது அங்கேயே இருக்கிறது. மினுங்குகிறது, மங்குகிறது, புரள்கிறது. ஆனால் மூலையை விட்டு நகரவில்லை. படத்தொகுப்பாளர் பறவையாக இருக்கும் என்றார். இயக்குநர் விரலைத் திரையில் வைத்தார். "இது அவர் வைக்கிற இடம்" என்றார். புள்ளி நகரவில்லை என்றால் கேமரா நகர்கிறது என்று பொருள். வெறும் ஆகாயத்தில் அது யாருக்குத் தெரியும்? மரங்களின் உச்சி ஏன் கடைசியில் வந்தது? கேமரா தலை குனியவில்லை. விழும் ஒன்றை, முன்னால் இடம் விட்டு, ஒழுங்காகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் வைத்துப் பார்க்கும் சிறுதிரை கறுப்பு வெள்ளை. விமானம் புரண்டு மூக்கைக் காட்டினால் அதிலும் புள்ளியாகத்தான் தெரியும். அவர் விமானம் என்று நினைத்ததில் வியப்பில்லை. மூலப் பதிவு வண்ணத்தில் இருக்கிறது. புள்ளி மஞ்சளாகத் தெரிகிறது, விமானத்திலிருந்து உடைந்து கழன்ற வாலின் துண்டுபோல. வெயில் பட்ட வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும் என்கிறார் படத்தொகுப்பாளர். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இயக்குநர் விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு, "நாலு வருஷமா நான்தான் அதை மூடி வெச்சிருக்கேன்" என்றார்.

இப்போது என்னைச் சொல்லச் சொல்லுங்கள்! அவர் இரக்கமுள்ளவரா? இரக்கமுள்ளவர்தான், ஆனால் அந்தப் பதினோரு நொடி அதற்குச் சாட்சி இல்லை. தவறவிட்டவரா? விமானத்தைத் தவறவிட்டார், விமானம் ஏன் விழுந்தது என்பதை ஒருவேளை அவர் ஒருவர்தான் பிடித்தார். நம் விதி நல்ல விதி. அது பிறந்த கதை நான் கட்டியது. விதியை வைத்துக்கொண்டு கதையை மட்டும் எடுத்துவிட முடியுமா? அந்தப் புள்ளி வாலின் துண்டா, பறவையா? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதி ஒரு முறை கெடுத்துவிட்டேன். இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

நேற்று அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அவர் எதையோ பார்த்துக்கிட்டுதான் இருந்தாரா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணி என்றேன். "அதை மட்டும் அங்க சொல்லுங்க. ஒண்ணும் சேர்க்காதீங்க" என்றார். சேர்க்காமல் சொல்லிவிட்டேன் அண்ணி.

இன்று காலை விமானிக்குப் போட்டுக் காட்டினோம். ஐந்து முறை பார்த்தார். ஆறாம் முறை நிறுத்தச் சொன்னார். இது என் வால்தான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. திரையின் இடப்பக்கம் காலியாகக் கிடந்த ஆகாயத்தைக் காட்டி, "நல்லா இடம் விட்டிருக்கார்" என்றார். அவ்வளவுதான்.

கொக்கண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட உரைகளை முடிப்பது வழக்கம். எதைத் தொடர்வோம் என்று சொல்கிறேன். திங்கட்கிழமை இந்த மூலப் பதிவோடு விசாரணையை மீண்டும் திறக்கக் கோரும் மனு போகிறது. இயக்குநர் கடிகாரத்தைப் பற்றித் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். நான் என் கட்டுரையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அது வெளிவந்த அதே பக்கத்தில் அதன் திருத்தமும் வரும். அந்தப் புள்ளி என்னவென்று தெரியும்வரை விடமாட்டோம். பறவை என்று ஆனாலும் அதையும் எழுதுவோம். வரும் பருவத்திலிருந்து கடிகாரம் திரையின் கீழே போகிறது. ஒன்பது ஆண்டுச் சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே!

இனி மௌன அஞ்சலி. எழுந்து நில்லுங்கள். ஆனால் யாரும் தலை குனிய வேண்டாம், கண்ணை மூட வேண்டாம். இந்த மனிதருக்கு அப்படி அஞ்சலி செய்யக் கூடாது. திரையின் மேல் வலது மூலையைப் பாருங்கள். பதினோரு நொடிதான்.

விளக்கை அணையுங்கள் தம்பி. ஓடவிடுங்கள்.