பிச்சுமணிக்கு ஒரு கையெழுத்து

— போடமாட்டேன். சொல்லிட்டேன்லா, போடமாட்டேன்.

— நர்ஸம்மா, ஒரே ஒரு கையெழுத்து...

— முப்பது வருசத்துக்குப் பெறவு ஞானபாய் ஞாபகம் வந்து எனக்க படியேறி வந்திருக்க. வந்ததும் வராததுமா, ‘எனக்க பேர அழிக்கணும், ஒப்பிடு’ன்னு காயிதத்த நீட்டுத!

— அழிக்கலே. மாத்தறேன். பிச்சுமணி இனிமே வெங்கடசுப்ரமணியன்னு கெஸட்டுல வரணும். பிரசவம் பார்த்தவா சாட்சி சொன்னா நல்லதுன்னா.

— யாரு சொன்னா?

— நான் வேலை பாக்கற சர்க்கார் கச்சேரியில... எல்லாரும்.

— எல்லாருமா? பொய் சொல்லும்ப ஒனக்க காது செவக்குது மக்ளே.

— இந்தப் பேரோட ஒரு நாள் கச்சேரியில உக்காந்து பாருங்கோ, அப்போ தெரியும். ஹெட்கிளார்க் தினம் காலம்பற, ‘பிச்சே, இன்னு எந்து கிட்டி?’ங்கறார், இன்னிக்கு என்ன பிச்சை கெடைச்சதுன்னு. பத்துப் பேர் சிரிக்கறா.

— அவருக்க பேரு என்ன?

— கொச்சுபுலிவிளாகத்து கேசவன் நாயர்.

— புலியா! பாத்தா புலி மாதிரி இருப்பாரா?

— பூனை மாதிரி இருப்பார். அது வீட்டுப் பேர் நர்ஸம்மா. அவாளுக்கு வீடு முன்னாடி வரும், ஆள் பின்னாடி வருவார்.

— எங்களுக்கு அதுவும் இல்ல. எனக்க அப்பன் பொறந்தப்ப சுடலைமாடன். கோயில்ல பாதிரியார் தலையில தண்ணி தெளிச்சதும் ராஜையன். பேருல ராஜா, செஞ்சது பனையேத்தம்! மறுநாளும் அதே பனையிலதான் ஏறுனாரு.

— உங்க பேர்?

— மிஷன் துரைசானி வச்சது. ஞானம் வந்துதா இல்லியான்னு மட்டும் கேக்காத... ஆமா, வாசல்ல ஜட்கா நிக்குதே, ஒனக்குள்ளதா? உள்ள யாரு?

— ஆத்துக்காரி. இருக்கட்டும்.

— வெயில்ல இருக்கட்டுமா? கூப்பிடு உள்ள!

— வேப்பமரத்து நிழல்லதான் நிக்கறது வண்டி. கூப்பிடறேன்... முதல்ல இந்தப் பேர் எனக்கு எப்படி வந்ததுன்னு சொல்லுங்கோ.

— ஒனக்க அம்மை சொல்லல்லியா?

— அம்மா சொன்னது அம்மாவோட கதை. உங்க வாயால கேக்கணும்.

— கொல்லம் வருசம் ஆயிரத்தெண்பத்து மூணு. ஒனக்கு முன்ன மூணு பிள்ளைங்க. மூணையும் நான்தான் எடுத்தேன். ஒண்ணும் ஒரு மாசம் தங்கல்ல. நீ நாலாவது. பதினோராம் நாளு, முறத்துல தவிடு பரத்தி, அதுல ஒன்னக் கெடத்தி, கரமனைத் தெருவுல வாசலுக்கு வெளிய வச்சாங்க. யாராவது எடுக்கணும். எடுத்தவகிட்ட பெத்தவ வந்து, ‘பிச்சை போடு’ன்னு கேட்டு வாங்கணும். பிச்சையா வந்த பிள்ளைய எமன் சீந்தமாட்டான்னு ஒரு நம்பிக்கை.

— நீங்க எடுத்தேள்.

— தெருவுல ஒருத்தியும் கிட்ட வரல்ல. மூணு போன வீடுல்லா, பயம். நீ முறத்துல கெடந்து தொண்ட கிழிய அழுத. நான் எடுத்தேன். ஒனக்க பெரியப்பா தீட்டு, தீட்டுன்னு குதிச்சாரு.

— எடுத்துண்டு...?

— எடுத்துட்டு... வந்துட்டேன்.

— எங்கே?

— இங்க. பாளையத்துக்கு. இந்த வீட்டுக்குத்தான்.

— குழந்தையோட!

— சிரிக்காத. வேதக்காரிக்கு ஒங்க வழக்கம் எப்படித் தெரியும்? நெசமாவே தந்துட்டாங்கன்னு நெனச்சேன். பொழுது சாயுத நேரம் ஒனக்க அம்மை வந்தா. பச்ச ஒடம்போட, கரமனையிலேருந்து நடந்து. அந்தா, அந்த முத்தத்துல நின்னு முந்தானைய நீட்டினா. வெளையாட்டாக் கேக்கவேண்டிய பிச்சைய நெசமாவே கேட்டா. குடுத்தேன். அப்படி வந்த பேரு ஒனக்க பேரு. அத அழிக்க எனக்க கையெழுத்தா? போ, எழுந்து போ.

— நர்ஸம்மா... அந்தக் காகிதத்தைப் பிரிச்சுப் பாத்தேளா?

— கண்ணாடி எங்கயோ கெடக்கு.

— கண்ணாடி வேண்டாம். பிரிச்சாலே தெரியும்.

— ...என்னது, ஒண்ணும் எழுதல்ல?

— வெத்துக் காகிதம். இந்தப் பேரை நான் மாத்துவேனா? ஹெட்கிளார்க் என்ன வேணா சொல்லட்டும். நான் உசிரோட இருக்கறதே இந்தப் பேரால, உங்களால. இத்தனை வருஷம் வந்து ஒரு நமஸ்காரம் பண்ணலியேன்னு வெக்கமா இருந்தது. கேக்க வந்ததை நேரே கேக்கவும் தைரியம் வரலே.

— என்ன கேக்கணும்?

— எனக்கு ரெண்டு குழந்தை போயிடுத்து நர்ஸம்மா. ரெண்டும் இருபது நாள்கூடத் தாண்டலே. மூணாவது பொண்ணு, வண்டியில இருக்கா, ஆத்துக்காரி மடியில. நேத்திக்குப் பதினோரு நாள். புண்யாகவசனம் ஆச்சு, பேர் மட்டும் இன்னும் வெக்கலே.

— அட பாவி! பச்சப்பிள்ளைய வண்டியில வச்சிட்டா இவ்வளவு நேரம் புலி, பூனைன்னு பேசிட்டிருந்த?

— நீங்க எடுக்கணும். உங்க கையிலேர்ந்து நாங்க பிச்சை வாங்கணும். இவளாவது தங்கணும்.

— ...வேற ஆளப் பாரு மக்ளே.

— ஏன்?

— வேண்டாம்னா வேண்டாம். இந்தக் கை ஆகாது.

— வடிவூ! எறங்கி வா. முறத்தோட வா... படி இருக்கு, பாத்து. இங்கே, நர்ஸம்மா காலடியில வை.

— ஏட்டி, தரையில வைக்காத, எறும்பு! இங்க குடு... குடுங்கேன்லா. ...அம்மாடி. எனக்க பொன்னே. ஒனக்க மூக்கு மக்ளே. அச்சு அசலா அதே மூக்கு.

— அழறேளே...

— இவளக் கையில வச்சிட்டு எனக்குப் பொய் சொல்ல வரல்ல. கேளு. எனக்கு அந்த வழக்கம் தெரியும். எங்க ஊருலயும் உண்டு. எனக்க அண்ணன வீட்டுல கூப்பிடுத பேரே தவிட்டுமுத்து. தெரிஞ்சேதான் ஒன்னத் தூக்கிட்டு வந்தேன். எனக்குப் பிள்ள இல்ல. தந்துட்டாங்கன்னு சொன்னா கர்த்தரும் நம்பிருவாருன்னு நெனச்சேன். நேசையன்னு பேரும் வச்சேன். ஒனக்க அம்மை வந்து கதவத் தட்டினப்ப, அரை நாழி தெறக்கல்ல. அவ பாவம்... ‘நர்ஸுக்கு வழக்கம் தெரியாது’ன்னு ஊரு வாய அடச்சா. ஒரு பிள்ளையத் திருடப் பாத்த கையா ஒனக்கு வேணும்?

— அம்மா அது பொய்னு தெரிஞ்சேதான் சொன்னா.

— ...என்ன?

— அந்த அரை நாழியும் கதவுக்கு வெளியே நின்னு கேட்டுண்டிருந்தாளாம், நீங்க ‘நேசையா, நேசையா’ன்னு என்னைக் கொஞ்சினதை. போன தை மாசம், கண்ணை மூடறத்துக்கு முன்னாடி என்கிட்ட சொன்னா. ‘வேற யார் எடுத்திருந்தாலும் வழக்கத்துக்குத் திருப்பித் தந்திருப்பாடா. அவளுக்குத் தர மனசே இல்லே, ஆனாலும் தந்தா. அதுதான் பிச்சை. அதனாலதான் நீ தங்கினே. உன் குழந்தைக்கும் அவ கைதான் வேணும், போய்க் கேளு’ன்னா. ...வடிவு, முந்தானையை நீட்டு. அம்மா, பிச்சை போடுங்கோ.